மூக்கில்லாத மயூரி

ஜூன் 23

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இன்று ஒரு மணப்பெண்ணின் பட்டுப்புடவையில் கக்கூஸ் ஸ்பிரேயை அடித்துவிட்டேன்.

மேக்கப் முடிந்ததும் கழுத்திலும் புடவை மடிப்பிலும் சென்ட் அடிப்பது என் வழக்கம். மண்டபத்துக்காரர்கள் பாத்ரூம் ஜன்னலில் வைத்திருந்த எலுமிச்சை ஸ்பிரேயும் என் சென்ட் டப்பாவும் ஒரே பச்சை, ஒரே உயரம். நான் டப்பாவையா பார்த்தேன்? போன கல்யாணத்தில் தாலிகட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தைக்குச் சவுரி கழன்று வெற்றிலைத் தட்டில் விழுந்த கதையை, கடையில் எனக்கு உதவியாக இருக்கும் ரெஜினாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் அம்மா மூக்கைச் சுருக்கினாள். "என்னங்க மயூரி, பஸ் ஸ்டாண்டு பக்கம் போன மாதிரி இருக்கு?"

"அப்படியா? எனக்குக் கொரோனாவுக்கு அப்புறம் மூக்கே வேலை செய்யலைங்க" என்றேன்.

அவ்வளவுதான். கோபம் இரக்கமாக மாறிவிட்டது. "அய்யோ, ரசம்கூட மணக்காதா?" என்று கையில் இரண்டு லட்டு கூடுதலாக வைத்தாள். இந்த மூக்குக் கதையால் எனக்கு எத்தனையோ லாபம். பெடிக்யூருக்கு வரும் சில பாதங்களைப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் யாரும் என்னிடம் "வாடை வருதா?" என்று கேட்பதில்லை.

என் பெயர் புஷ்பலதா. கடை பெயர் மயூரி அழகு நிலையம், ஆகவே பட்டுக்கோட்டைக்கு நான் மயூரி. கடை கீழே, வீடு மாடி. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார். வாரம் ஒருநாள் போனில் நெற்றி மட்டும் தெரியும். மகள் தாரிகா பிளஸ் ஒன். அவள் முகம்தான் என் கடைக்குப் போர்டு. "உங்க பொண்ணு மாதிரி பண்ணிவிடுங்க" என்று கேட்டு வருகிறார்கள். கடவுள் பண்ணியதை நான் எப்படிப் பண்ணுவேன்?

ஜூலை 2

நெயில் பாலிஷ் ரிமூவர் மறுபடி தீர்ந்துவிட்டது. ரெஜினாவிடம் கேட்டேன்: "குடிக்கிறியாடி?" அவள் சிரிக்கவில்லை. "நான் பஞ்சுல தொட்டுத்தான்க்கா எடுக்கறேன்" என்றாள்.

ஜூலை 8

பள்ளியிலிருந்து போன். ஹெட்மிஸ்ட்ரஸ் என் வாடிக்கையாளர். அவர் மீசையை மாதாமாதம் நூல் போட்டு எடுப்பது நான்தான். அந்த உரிமையில் குஷியாகப் போனேன். அவரோ என்னை ஒரு அறையில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே ஷகிலா பானு என்று ஒரு மேடம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி கவுன்சிலர். போன வாரம் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோரையும் தனித்தனியாக உட்காரவைத்து, குடி, கஞ்சா, வேறு பழக்கம் எதுவும் உண்டா என்று சில கேள்விகள் கேட்டார்களாம். யாரையும் பிடித்துக் கொடுக்க அல்ல, முளையிலேயே கண்டுகொள்ள.

"உங்க பொண்ணு உண்மையைச் சொல்லியிருக்கா. அதுவே பாதி நல்ல சேதிம்மா."

"உண்மை பேசறது அவங்க அப்பா வழி மேடம்" என்றேன். பயம் வந்தால் என் வாய் ஜோக் அடிக்கும். பிரசவத்தின்போதே நர்சைச் சிரிக்கவைத்தவள் நான்.

அவர் லேசாகச் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "குடியும் இல்லை, கஞ்சாவும் இல்லை. முகர்ற பழக்கம். ஒயிட்னர், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி. தனியா இருக்கறப்போ, மனசு லேசாகறதுக்குன்னு சொல்றா. லேசுப்பட்டது இல்லம்மா, திடீர்னு இதயமே நின்னுபோறது உண்டு. ஆனா இப்பதான் ஆரம்பம். இப்பவே கையைப் பிடிச்சா முழுசா வெளிய வந்துடுவா. இந்தப் பொருள் எதுவும் வீட்டுல இருக்கா?"

"வீட்டுல இல்லைங்க மேடம்."

பொய்யில்லை. வீடு மாடி. கடை கீழே.

"துணியில, தலையணையில ஏதாவது வாடை வந்ததா?"

"எனக்குக் கொரோனாவுக்கு அப்புறம் மூக்கு…" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் இரங்கிவிட்டது.

ஜூலை 9

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன். "உனக்கு என்னடி குறை?"

"குறை ஒண்ணும் இல்லம்மா."

"அப்புறம் ஏன்?"

"நீ விடியறதுக்குள்ள மண்டபத்துக்குப் போயிடறே. சாயந்திரம் வந்தா அடுத்த மண்டபம். கீழே தனியா உட்கார்ந்திருக்கறப்போ… தெரியலம்மா. கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு."

"ஒண்ணுமே இல்லாம இருக்கணும்னா உங்க அப்பாகிட்ட பேசேன்" என்றேன்.

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ எல்லாத்துக்கும் ஒரு ஜோக் வச்சிருக்கேம்மா."

கடை அலமாரிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் தாலிச் சங்கிலியில்.

ஜூலை 16

ஷகிலா மேடத்தைப் பார்க்கத் தஞ்சாவூருக்கு முதல் தடவை. ஊருக்கு என்ன சொல்வது? "பல்லுக்குக் கம்பி கட்டப் போறோம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கும் அதே கம்பிதான்.

கிளம்பும் முன் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்த்தேன். வாய் ஓரத்தில் சிவப்பு. மூக்குக்குக் கீழே தோல் உரிந்து பொடிப்பொடியாகப் புண். கண்ணுக்குக் கீழே கருப்பு. என் பெண் முகம் இப்படியா ஊர் பார்க்கும்? அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நம் ஊர்க்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால்? நாளைக்கு இவளுக்கும் ஒரு மண்டபம் வேண்டாமா?

கீழே அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். சிவப்பை அடக்கப் பச்சை கலந்த கிரீம், அதன்மேல் கன்சீலர், அதன்மேல் தெரியாத மாதிரி பவுடர். மணப்பெண்ணுக்குப் பூசினால் பூசியது தெரியவேண்டும்; இவளுக்குத் தெரியக்கூடாது. என் தொழிலில் அதுதான் கஷ்டமான வேலை. இவ்வளவு நன்றாக நான் யாருக்கும் செய்ததில்லை.

ஷகிலா மேடம் அவளைப் பார்த்ததும், "அட, முகம் நல்லா தெளிஞ்சிருக்கே" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாரிகா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "அம்மா, அவங்க என் முகத்தைப் பார்த்துட்டுத்தான் எழுதறாங்க."

"அதுக்குத்தானேடி போட்டுவிட்டேன்."

ஜூலை 24

ஆடி பிறந்து ஒரு வாரம். கல்யாணம் இல்லை, கடையில் ஈ. புருவத்துக்கு வந்த பாங்க் மேனேஜர் மனைவி கேட்டாள்: "பொண்ணுக்குக் கம்பியைக் காணோமே?"

"இது பல்லுக்கு உள்பக்கமா போடறதுங்க. புதுசா வந்திருக்கு."

"அப்படியா, எங்க பையனுக்கும் போடணும். எந்த டாக்டர்?"

கண்ணை மூடச் சொல்லி நூலைக் கொஞ்சம் வேகமாக இழுத்தேன். கேள்வி அங்கேயே நின்றது.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. புளிசாதம், தேங்காய்சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம், நானும் தாரிகாவும் ரெஜினாவும். ஆடி மாதம் இவ்வளவு நல்ல மாதம் என்று எனக்குத் தெரியாது. வேலை இல்லாததால் நான் வீட்டிலேயே இருக்கிறேன். சாயந்திரம் இவள் பள்ளி விட்டு வந்தால் என் கையில் மருதாணிக் கோன் வைத்து வரைகிறாள். மயில் தோகையில் ஒரு கோடு நடுங்குவதில்லை. என்னைவிட உறுதியான கை. "படிச்சுக் கிழிக்காட்டியும் பரவாயில்லடி, கடையை உன்கிட்ட குடுத்துட்டு நான் சிங்கப்பூர் போயிடறேன்" என்றேன். சிரித்தாள். வாய் ஓரத்துச் சிவப்பு மங்கிவிட்டது. நிஜமாகவே, பூச்சு இல்லாமல்.

ரிமூவர் பாட்டில் கால்வாசிகூடக் குறையவில்லை.

ஆகஸ்ட் 9

சின்ன விஷயம். ஹாலில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தேன். தாரிகா மேஜையில் படித்துக்கொண்டிருந்தாள். "அடுப்பை அணைடி, பால் அடிப்பிடிக்குது" என்று கத்தினேன். போய் அணைத்துவிட்டு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி பார்க்கறே?"

"ஒண்ணுமில்லம்மா."

அடுத்து மருதாணி போட வரச்சொன்னேன். தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 13

இரண்டாம் தடவை தஞ்சாவூர். முகம் முன்னைவிடத் தேவலாம், இருந்தாலும் லேசாகப் போட்டுவிட்டேன். பழக்கம். ஷகிலா மேடம் என்னிடம், "சீசன்ல தனியா விடாதீங்க. கூட யாராவது இருக்கணும்" என்றார். நான் எதற்கு மேடத்திடம் சீசன் பற்றி உளறினேன் என்று தெரியவில்லை. எங்கே வேலை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22

ஆவணி வந்தால் அத்தனை பேருக்கும் ஒரே அவசரம். ஒரு மண்டபத்தில் பெண், இன்னொரு மண்டபத்தில் வரவேற்பு, கடையில் ரெஜினா தனியாக. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அலமாரிச் சாவிக்காக என்னைப் போனில் கூப்பிடவேண்டியிருக்கிறது. "அக்கா, நகப்பூச்சு போட வந்த பொண்ணு உட்கார்ந்திருக்கு, சாவி உங்க கழுத்துல இருக்கு, நான் என்ன பண்ண?" நியாயம்தான். ராத்திரி வந்ததும் ரிமூவரை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அதற்கப்புறம் பூட்டையே மறந்துபோனேன்.

ஆகஸ்ட் 30

மண்டபம். கால் வீக்கம். தூக்கம்.

செப்டம்பர் 3

ரிமூவர் தீர்ந்துவிட்டது. போன வாரம்தான் வாங்கினேன்.

செப்டம்பர் 5

ரெஜினா கடையைக் கூட்டி முடித்துவிட்டுத் துடைப்பத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, ஒண்ணு சொல்லணும். பாப்பா துண்டுல ரிமூவர் வாடை அடிக்குது."

"எனக்கு எப்படிடி தெரியும்? என் மூக்கு சங்கதி உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. அதனாலதான் சொல்றேன். உங்களுக்கு வராதுன்னு."

அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு துளி குற்றச்சாட்டு இல்லை. வெறும் அக்கறை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நீ கொட்டிக் கவுக்கறது போதாதுன்னு என் பொண்ணு மேல பழி போடறியா? இன்னைக்குச் சொல்லுவே, நாளைக்கு ஊரெல்லாம் சொல்லுவே."

ரெஜினா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். மெல்லச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வெளியே மழை. அவள் குடை இங்கேயே ஆணியில் தொங்குகிறது.

செப்டம்பர் 10

மூன்றாம் தடவை. வாய் ஓரத்தில் சிவப்பு திரும்ப வந்திருந்தது, முன்னைவிடக் கூடுதல். தாரிகா தானாகவே கீழே இறங்கிவந்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டினாள். போடு என்பதுபோல. நான் போட்டேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கண்ணாடியைப் பார்க்காமல் தோலை மட்டும் பார்த்து வேலை செய்தேன்.

ஷகிலா மேடம் சந்தோஷப்பட்டார். "இனி மாசம் ஒரு தடவை வந்தாப் போதும்" என்று எழுதிக்கொடுத்தார்.

பஸ்ஸில் முறுக்கு வாங்கித் தின்றோம்.

செப்டம்பர் 15

மன்னார்குடியில் வரவேற்பு. பெண்ணுக்கு ஒரு கண்ணுக்கு மை இழுத்து முடித்து, மறு கண்ணுக்குப் பிரஷ்ஷைத் தொட்டபோது போன். ரெஜினா.

"அக்கா, குடையை எடுக்க வந்தேன். வாசல்லயே வாடை. கதவைத் தட்டுனேன், திறக்கலை. பக்கத்துக் கடை அண்ணனை வச்சு உடைச்சோம்… பாப்பா பின்னாடி ரூம்ல கிடந்துச்சு. மூச்சு சரியா இல்லக்கா. ஆட்டோவுல இருக்கோம். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

பிரஷ் எங்கே விழுந்தது என்று தெரியாது. அந்தப் பெண் ஒற்றைக் கண் மையோடு மேடை ஏறினாளோ, யார் போட்டுவிட்டார்களோ. ஆல்பம் பார்க்கும்போதெல்லாம் என்னைத் திட்டட்டும்.

செப்டம்பர் 16

தாரிகாவின் மூக்குத்தியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 17

நேற்று தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். ஐ.சி.யூ. வாசலில் பெஞ்சு. ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு இட்லி பிட்டுத் தருகிறாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பார்த்தால், எதிர் பெஞ்சில் இருந்த ஒரு மாமியின் தலைச் சாயத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வாய்க்கு எங்கே நிற்பது என்று தெரியாது. ரெஜினா, "சாப்பிடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் சொன்னது: ஆட்டோவிலிருந்து இறக்கும்போது இதயம் நின்றிருந்தது. உடனே பிடித்துத் திருப்பிவிட்டார்கள். மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் என்ன செய்திருக்கிறது என்பது போகப்போகத்தான் தெரியும்.

செப்டம்பர் 18

வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். கேமராவைக் கீழே வைத்துவிட்டார். கூரை மட்டும் தெரிந்தது. "பல்லுக்குக் கம்பின்னு சொன்னியே லதா" என்றார்.

செப்டம்பர் 21

கண் திறந்துவிட்டாள். "அம்மா" என்றாள். குரல் கரகரப்பாக இருக்கிறது, ஆனால் அவள்தான்.

செப்டம்பர் 24

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கஞ்சியை அவளே குடிக்கட்டும் என்றார் நர்ஸ். ஸ்பூனைப் பிடித்தாள். கை ஆடியது. ஸ்பூன் உதட்டுக்குப் போவதற்குள் கஞ்சி நைட்டியில். மறுபடி முயன்றாள். மறுபடி. நான் கையை நீட்டியதும், "நானே" என்றாள். மயில் தோகையில் ஒரு கோடு நடுங்காத கை. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 26

ஷகிலா மேடம் வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தாரிகாவின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். பூச்சு இல்லாமல் அவள் முகத்தை அவர் பள்ளிக்கூடத்தில் பார்த்த அன்றைக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறார்.

"இது புதுப்புண் இல்லையே. போன தடவை வந்தப்பவே இருந்திருக்கும். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"கூட்டிட்டு வர்றப்போ… நான்தான் மேடம், கொஞ்சம் டச்சப்… எனக்கு அதுதான் தொழில். பார்லர் வச்சிருக்கேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம். கையில் இருந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "அந்த முகத்தை நம்பித்தான்ம்மா மாசம் ஒரு தடவை போதும்னு எழுதினேன்" என்றார்.

பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டு, தொழில்முறையில் கேட்டார். "போன மாசம் பூரா, துணியிலயோ ரூம்லயோ உங்களுக்கு வாடையே வரலையா?"

என் வாய் திறந்தது. எப்போதும் தயாராக இருக்கும் அந்தப் பதில் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. கட்டிலில் தாரிகா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் அடிப்பிடித்த அன்று பார்த்த அதே பார்வை.

அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக, கரகரத்த குரலில்.

"அம்மாவுக்கு வாசனை தெரியாது மேடம். கொரோனாவுலேருந்து."

மேடம் தலையை ஆட்டி அதை எழுதிக்கொண்டார். தாரிகா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஆடுகிற கையை மற்றக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்காகப் பூசிவிட்டாள். பூசியதே தெரியாத மாதிரி.

செப்டம்பர் 27

போன தை மாதமே என் மூக்கு திரும்ப வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பொங்கல் அன்று பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது.